அம்மாவுக்குத் துணை: ஒரு வீட்டுக் கணக்கு

அப்பா போன பிறகு இரண்டு வருஷம் அம்மா கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. தம்பி ஓசூரில். என்னோடு வந்துவிடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன். அம்மா வந்தால் மூன்றாம் நாளே பையை எடுத்து வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸைப் பற்றி விசாரிப்பார்.

2023 ஜூலையில் ஒரு சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாடை தெரு வரைக்கும் வந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து சிலிண்டரை மூடினார். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். "தூங்கிட்டியாம்மா?" என்று கேட்டதற்கு, "தூங்கலடி. யாராவது வராங்களான்னு வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அன்றைக்கு என் காதில் கேஸ் மட்டும்தான் விழுந்தது. வாசல் என்று அவர் சொன்னது விழுவதற்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் நாங்கள் செலவழித்த பணம் முக்கால்வாசி தேவையில்லாத இடத்துக்குப் போனது. அதனால்தான் இந்தக் கணக்கை விவரமாக எழுதுகிறேன்.

பயத்தில் முதலில் செய்தது, ஒரு ஏஜென்சியில் 24 மணி நேர ஆள் கேட்டது. மாதம் 22,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 5,000. சாப்பாடு, சோப்பு, எண்ணெய் எல்லாம் நம்முடையது, அது மாதம் 3,000 வந்தது. மூன்று மாதத்தில் மொத்தம் 80,000 ரூபாய். ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் அனுப்புவோம் என்று சொன்னார்கள். நாலு நாள் தேவைப்பட்டபோது யாரும் வரவில்லை, நான்தான் பள்ளிக்கு லீவு போட்டேன்.

வந்த பெண்ணுக்கு 22 வயது. நல்ல பெண். பி.பி. பார்க்கத் தெரியும், விரலில் குத்தி சர்க்கரை பார்க்கத் தெரியும், ஊசி போடத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு ஊசியே கிடையாது. காலையில் ஒரு தைராய்டு மாத்திரை, இரவில் ஒரு பி.பி. மாத்திரை, அவ்வளவுதான். தானே குளிப்பார், தானே நடப்பார். அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் செய்ய வேலையே இல்லை. அம்மாவுக்கும் அவளுக்கும் பேச ஒன்றும் இல்லை. அவள் ஊர் வேறு, வயசு வேறு. ஒரு மூலையில் அவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இன்னொரு மூலையில் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதில் ஒரு சின்னச் சம்பவம். அம்மா எழுந்ததும் முதலில் செய்யும் வேலை தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ராகு காலம் எமகண்டம் எல்லாம் வாய்விட்டுப் படிப்பார். கிழித்த தாளை நாலாக மடித்து சாமி மாடத்தின் ஓரத்தில் செருகுவார். அதன் பின்பக்கம்தான் பால் கணக்கு எழுதும் இடம். அந்தப் பெண் உதவியாக இருக்கட்டும் என்று நினைத்து, அம்மா எழுவதற்கு முன்பே தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாள். அம்மா மூன்று நாள் அவளோடு பேசவே இல்லை. காரணம் என்னிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் குப்பைக்கூடையில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வயதானவர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் வேலைகள் நாலைந்துதான் இருக்கும். துணைக்கு வருபவர் முதல் வாரம் செய்யவேண்டியது, அந்த நாலைந்து வேலை எவை என்று பார்த்து அவற்றில் கை வைக்காமல் இருப்பது. எங்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. நாங்களும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அதில் அவள் தப்பு ஒன்றும் கிடையாது.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் பேச்சோடு பேச்சாக, தன் கைக்கு வருவது 14,000 என்றாள். அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதத்துக்கு 720 மணி நேரம். நாங்கள் கொடுத்தது மணிக்கு 30 ரூபாய் சொச்சம். அவளுக்குப் போனது மணிக்கு 20 ரூபாய்கூட இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பும் கிடையாது. 24 மணி நேர ஆள் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், ஒருத்தியின் தூக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து நாம் வாங்கிக்கொள்வதுதான். அந்தப் பெண் போனில் மூழ்கியிருந்ததை நான் தம்பியிடம் குறையாகச் சொல்லியிருந்தேன். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அப்படிச் சொன்னதற்கு வருத்தப்பட்டேன்.

அந்த வருஷ தீபாவளி விடுமுறையில் ஒரு வாரம் அம்மா வீட்டிலேயே தங்கினேன். ஒரு நோட்டு வாங்கி, அம்மா எத்தனை மணிக்கு என்ன செய்கிறார் என்று எழுதிக்கொண்டே வந்தேன். யாருக்காவது ஒரே ஒரு யோசனை சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்: ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு வாரம் இப்படி எழுதிப் பாருங்கள். ஏழு நாளும் எழுதியது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காலை 5 மணிக்கு எழுந்து 10 மணி வரைக்கும் அம்மா பம்பரம். கோலம், காலண்டர், பால், பேப்பர், சாமி, சமையல் எல்லாம் அவரே. 11 மணிக்குக் குளிக்கப் போகும்போது மட்டும் குளியலறையில் வழுக்கிவிடுமோ என்று பயம். மதியம் ஒரு தூக்கம். எழுந்த பிறகு, 4 மணியிலிருந்து 7 மணி வரைதான் கஷ்டம். அந்த நேரத்தில் நான் எழுதியதைப் பார்த்தால், 'வாசலில் நிற்கிறார்', 'வாசலில் உட்கார்ந்திருக்கிறார்', 'அப்பாவின் டிபன் டப்பாவை எடுத்துத் துடைக்கிறார்', 'வாசல்'. பாலை மறந்ததும் அந்த நேரத்தில்தான். அப்பா அலுவலகம் விட்டு வரும் நேரம் அது.

நோட்டைத் தம்பிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவன் உடனே போன் பண்ணினான். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. அம்மாவுக்கு வேண்டியது நர்ஸ் இல்லை, பேச்சுத் துணை. அதுவும் 24 மணி நேரம் இல்லை, பகலில் எட்டு மணி நேரம். இரவில் கூப்பிட்டால் குரல் கொடுக்க ஒருவர்.

மருத்துவப் பக்கத்துக்குப் பணம் கொடுத்து ஆள் வைக்கத் தேவையில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அம்மாவுக்கு பி.பி. பார்த்துக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். செலவு ஒன்றும் இல்லை. நாங்கள் இதற்கும் சேர்த்துத்தான் ஏஜென்சிக்குக் கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் ஆள் தேடினோம். விளம்பரம் எதுவும் கொடுக்கவில்லை. பால்காரரிடமும், மருந்துக்கடையிலும், அம்மாவுக்கு மீன் கொடுக்கும் அம்மாவிடமும் சொல்லிவைத்தேன். மீன்கார அம்மா தேவனாம்பட்டினத்திலிருந்து தன் சொந்தக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயசுக்காரர், தலையில் கூடை சுமந்து மீன் விற்றவர், முட்டி வலியால் கூடையை விட்டுவிட்டார். முதல் நாளே அம்மா அவரிடம், "காரப்பொடி மீன் இப்ப என்ன விலை விக்குது?" என்று கேட்டார். அங்கே ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை. சங்கராவில் முள் எப்படி எடுப்பது, நெத்திலிக் கருவாட்டை எத்தனை நாள் காயவைப்பது, 2004 சுனாமி அன்றைக்கு யார் யார் எங்கே ஓடினார்கள் என்று ஒவ்வொன்றாகப் போகிறது. படிப்பு, சான்றிதழ் எல்லாவற்றையும்விட ஒரே மண்ணில் ஒரே காலத்தில் வாழ்ந்தவர் என்பது துணைக்குப் பெரிய தகுதி. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார்.

நேரம் 11 மணியிலிருந்து 7 மணி வரை. மாதத்துக்கு 26 நாள், ஞாயிறு விடுமுறை. சம்பளம் 12,000. மணிக்குக் கணக்குப் பார்த்தால் 58 ரூபாய் பக்கம் வரும். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவு இல்லை. தெருவிலேயே தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா இரவு 9 மணிக்கு வந்து படுத்துக்கொண்டு விடிந்ததும் போய்விடுவார். அவருக்கு 3,500. அவருக்கும் தனியாகப் படுக்க பயம், அதனால் அவரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். அக்காவின் மதியச் சாப்பாடு, டீக்கு 1,500. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்பதை மாதத்துக்கு 1,000 என்று ஒதுக்கிவிடுகிறேன். இந்த போனஸை முன்கூட்டி ஒதுக்காத வீடுகளில்தான் ஐப்பசி பிறந்ததும் மனக்கசப்பு வருகிறது. இதைத் தவிர அவசரத்துக்கு ஒரு 1,000. ஆக மொத்தம் 19,000. ஏஜென்சி ஆளுக்கு ஆன 25,000-ஐவிடக் குறைவு. பணம் மிச்சமானதைவிட, அது போய்ச்சேர வேண்டியவர் கைக்கு முழுசாகப் போகிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆரம்பத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். கூட இருப்பது, பேசுவது, குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்பது, சாயங்காலம் பாடலீஸ்வரர் கோயிலுக்கோ தெருமுனைக்கோ அழைத்துப் போவது, 4 மணி டீயைச் சேர்ந்து போடுவது. பாத்திரம் துலக்குவதும் வீடு பெருக்குவதும் அதில் இல்லை. அதற்குக் காலையில் 1,500 ரூபாய்க்கு வேறு ஒருவர் வருகிறார். இதில் நாங்களே ஒருமுறை சறுக்கினோம். தம்பி குடும்பம் வந்திருந்தபோது, ஆள்தான் இருக்கிறாரே என்று போர்வைகளைத் துவைக்கச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அரிசி புடைக்கச் சொன்னார்கள். அக்கா வாய் திறக்கவில்லை. அம்மாதான் என்னைக் கூப்பிட்டு, "அவ ரெண்டு நாளா எங்கிட்ட உக்காரவே இல்லடி" என்றார். துணைக்கு வந்தவரைச் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தால் மெல்ல மெல்ல அவர் வேலைக்காரியாகிவிடுவார், சம்பளம் மட்டும் துணைக்கான சம்பளமாக இருக்கும். அந்த எட்டு மணி நேரத்தில் அவர் உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

விடுமுறைகளையும் முன்னாலேயே பேசிவைத்தது நல்லதாகப் போயிற்று. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினக் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும், அன்றைக்கு அவர் வரமாட்டார். ஆடியில் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மகன் கடலுக்குப் போகமாட்டான், வீட்டில் கை வறண்டுவிடும். முதல் வருஷம் அக்கா தயங்கித் தயங்கி அட்வான்ஸ் கேட்டார். இப்போதெல்லாம் ஏப்ரல் பிறந்ததும் நானே 6,000 கொடுத்துவிடுகிறேன். ஜூலையிலிருந்து மாதம் 1,000 பிடித்துக்கொள்கிறோம். அவர் பெயரில் வங்கிக் கணக்கு ஆரம்பித்து, வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்த்துவிட்டேன். விபத்தில் இறந்தால் 2 லட்சம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது, அதிலும் பதிவு செய்யச் சொல்லி உடன் போனேன். இதெல்லாம் அரை நாள் வேலை.

இப்போது தோடு விஷயம். 2024 பொங்கல் முடிந்த வாரம் அம்மாவின் கல்தோட்டில் ஒன்றைக் காணோம். அம்மா எனக்குப் போன் பண்ணி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவதான்டி" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஞாயிற்றுக்கிழமை போய் வீட்டை அலசினேன். துவரம்பருப்பு டப்பாவில், பருப்புக்கு அடியில், ஒரு காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்தது. தேதி பத்து நாள் முந்தினது. அம்மா தானே பத்திரமாக வைத்து மறந்திருக்கிறார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, அக்கா வரும்வரை காத்திருந்து நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அக்கா கண் கலங்கி, "மூணு நாளா அம்மா என் முகத்தப் பாத்துப் பேசல டீச்சர், தெரியும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் டீ போட்டதும் முதல் டம்ளரை அக்காவுக்கு வைத்தார்.

அந்த வாரமே நகைகளை எல்லாம் மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, வங்கி லாக்கருக்குக் கொண்டுபோய்விட்டேன். அம்மா கழுத்தில் ஒரு சங்கிலி, காதில் அந்தத் தோடு. இதை ஆள் வைக்கும் முதல் நாளே செய்திருக்கவேண்டும். நகையைப் பாதுகாக்க என்று மட்டும் இல்லை, வேலைக்கு வருபவர்மேல் பழி விழாமல் பாதுகாக்கவும்தான். ஆதார் நகல், இரண்டு சொந்தக்காரர்களின் போன் எண் வாங்கிவைப்பதும் அதே முதல் நாள் வேலை. மறதி கூடிவருகிறது என்பதையும் அந்தத் தோடுதான் காட்டிக்கொடுத்தது, டாக்டரிடம் அழைத்துப்போனோம்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரி முழுக்கத் தண்ணீர். ஞாயிறு என் முறை, என்னால் தெருவைத் தாண்ட முடியவில்லை. அடுத்த நாள் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. அக்காவாலும் வரமுடியவில்லை. நாலு நாள் அம்மாவோடு இருந்தது இரவுத் துணைக்கு வரும் பெரியம்மா. சனிக்கிழமை மழை வலுத்ததும் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, தன் துணிப்பையோடு வந்துவிட்டாராம். எங்கள் தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவோடு நின்றுவிட்டது. தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. துணை என்று இரண்டு பேர் இருந்தால் அதில் ஒருவர் நடந்து வரும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதை இந்த ஊரில் இருப்பவர்கள் கட்டாயம் யோசிக்கவேண்டும். அந்த நாலு நாளுக்கு அக்காவுக்குச் சம்பளம் பிடிக்கவில்லை. பெரியம்மாவுக்கு 2,000 கூடுதலாகக் கொடுத்தோம், அவசரத்துக்கு ஒதுக்கிய பணம் அதற்குத்தான் உதவியது.

இனி யார் பணம் கட்டுவது என்பது. துணைக்கு 19,000. மளிகை, மாத்திரை, கேஸ், கரண்ட், பாத்திரம் துலக்குபவர் எல்லாம் சேர்ந்து 9,000. மொத்தம் 28,000. அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் 16,800. மீதி 11,200-ஐ ஆளுக்குப் பாதி என்றான் தம்பி. நான் ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன், மருத்துவமனைக்கு நான்தான் லீவு போடுகிறேன், அதற்கு என்ன கணக்கு என்றேன். இரண்டு மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் நான் ஒரு வருஷத்தில் போட்ட லீவு நாள்களையும் ஞாயிறுகளையும் எழுதி அனுப்பினேன். குற்றம் சொல்ல எழுதவில்லை, அவனுக்கு அது தெரியாது என்பதால் எழுதினேன். படித்துவிட்டு, "பணம் முழுக்க நான் பாத்துக்கறேன்க்கா, நேரம் நீ பாத்துக்க" என்றான். கூடவே, தீபாவளிக்கும் மே மாதத்திலும் தலா ஒரு வாரம் அவன் வந்து இருக்கிறான். உடன்பிறந்தவர்கள் இதைப் பேசும்போது நேரத்தையும் எழுத்தில் வையுங்கள். எழுதாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் உழைப்பு யார் கண்ணிலும் படாது, பெரும்பாலும் அது மகளாகத்தான் இருக்கும்.

அம்மாவைப் போல அரசு ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு 80 வயது முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். எங்கள் வீட்டில் 3,300 ரூபாய் கூடியது. அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் அம்மாவின் பிறந்த தேதியே இல்லை. வயதுச் சான்றோடு கருவூலத்துக்கு இரண்டு முறை அலைந்தேன். உங்கள் வீட்டில் 78, 79 வயதில் ஓய்வூதியம் வாங்குபவர் இருந்தால் இப்போதே அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டை நம்பி இருக்கவேண்டாம். ஆயுஷ்மான் பாரத் 2024-இல் 70 வயது கடந்த எல்லோருக்கும் 5 லட்சம் வரை என்று விரிவானது, அதுவும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். வீட்டில் கூட உட்கார்ந்திருப்பவருக்கான சம்பளம் குடும்பத்தின் கையிலிருந்துதான் போகவேண்டும்.

குடும்பமே கைவிட்ட வீடுகளும் இருக்கின்றன. எங்கள் தெருவிலேயே ஒரு தாத்தா, இரண்டு மகன்கள் இருந்தும் ஒரு பைசா வருவதில்லை. மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணுக்கு நான்தான் அவரைப் பேசவைத்தேன். பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிப்பதற்கான 2007-ஆம் வருஷச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதம் 10,000 வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்று விளக்கினார்கள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பெற்ற பிள்ளைமேல் மனுவா என்கிறார். அந்த எண்ணை அம்மாவின் போனிலும் போட்டுவைத்திருக்கிறேன்.

இந்த ஜனவரியில் அக்காவின் சம்பளத்தை ஆயிரம் ரூபாய் கூட்டினோம். ஓய்வூதியம் கூடியதால் தம்பிக்குச் சுமை ஏறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையை என் பள்ளி வேலைக்காகச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு போயிருந்தேன். அக்காவும் இருந்தார். மூவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் ஏதோ சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா என் முழங்காலைத் தட்டி, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "மணி ஆறு அம்பதாச்சு. அவளுக்குப் பஸ் போயிடும். உன் கதையை அப்புறம் சொல்லு." அக்கா எழுந்து முந்தானையில் ஒட்டிய கீரைக்காம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார். அம்மா கீரை முறத்தை நகர்த்தி அவருக்கு வழிவிட்டார்.